கறுப்பாக இருந்தால் நாட்டுப் பன்றி ஆகிவிடாது

போன மாதமும் ஒரு பண்ணைக்காரர் வந்தார். நாட்டுக் கிடா (இனவிருத்திக்கான ஆண் பன்றி) என்று நம்பி, கூடுதல் விலை கொடுத்து ஒரு கறுப்புப் பன்றியை வாங்கியிருக்கிறார். பண்ணையில் இருந்தவை லேண்ட்ரேஸ் என்ற வெளிநாட்டு வெள்ளை இனம் கலந்த பெட்டைகள். குட்டிகள் நன்றாகத்தான் வளர்ந்தன. உச்சி வெயிலில் வண்டியில் ஏற்றும்போதுதான் பிரச்சினை. இரண்டு பன்றிகளுக்கு வால் நடுங்கியது, வாயைத் திறந்து மூச்சு வாங்கின, தோலில் திட்டுத்திட்டாகச் சிவப்பு ஏறியது. கால் விறைத்துச் சரிந்தவை எழவே இல்லை. மீதியை அறுத்த கறிக்கடைக்காரர் மறுநாள் போனில் சண்டைக்கு வந்துவிட்டார்: "கறி வெளுத்துக் கிடக்கு, தட்டுல தண்ணி நிக்குது. ஊசி கீசி போட்டியா?"

பண்ணைக்காரர் என்னிடம் கேட்டது வேறு கேள்வி: "நாட்டுப் பன்றிக் கறி இப்படி ஆகுமா டாக்டர்?"

அந்தக் கிடா நாட்டுப் பன்றியே இல்லை. நீண்ட உடம்பு, முன்னால் விழுந்த காது, புடைத்த பின்தொடை. நிறம் ஒன்றுதான் நாட்டுப் பன்றியுடையது.

சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, இருந்தாலும் இன்னொரு முறை சொல்கிறேன். யார்க்ஷயர், லேண்ட்ரேஸ் பன்றிகளின் வெள்ளை நிறம் பெரும்பாலும் கிட் என்ற ஒரே மரபணுவின் வேலை. அது ஓங்கு பண்பு. தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ அதன் ஒரு பிரதி வந்தாலே போதும், குட்டி வெள்ளையாகப் பிறக்கும். வெள்ளை யார்க்ஷயர் கிடாவையும் கறுப்பு நாட்டுப் பெட்டையையும் சேர்த்தால் வருகிற முதல் தலைமுறை வெள்ளை, அல்லது அங்கங்கே சாம்பல் திட்டு. உடனே "வெண்பன்றி" என்று விலை பேசுகிறீர்கள், அதன் பாதி ரத்தம் நாட்டுப் பன்றியுடையது. அந்த முதல் தலைமுறையில் ஆணையும் பெண்ணையும் சேர்த்தால், சராசரியாக நாலில் ஒரு குட்டி வெள்ளை இல்லாமல் பிறக்கும். உடனே "நாட்டுப் பன்றி" என்று இன்னொரு விலை. அந்தக் கறுப்புக் குட்டியின் மரபில் சராசரியாகப் பாதி யார்க்ஷயர்! கூடப் பிறந்த வெள்ளைக் குட்டியிலும் அதே பாதிதான். ஒரே ஈத்து, ஒரே தாய் தகப்பன், சந்தையில் மட்டும் இரண்டு இனம்.

கறுப்பு நிறம் வெளிநாட்டுப் பன்றிகளிலும் உண்டு. பெர்க்ஷயர் கறுப்பு. ஹாம்ப்ஷயர் தோளில் வெள்ளைப் பட்டையோடு கறுப்பு. ராஞ்சியில் டாம்வொர்த்தையும் நாட்டுப் பன்றியையும் கலந்து உருவாக்கிய ஜார்சுக் பன்றியும் கறுப்புதான்.

சரி, கறி எப்படிக் கெட்டது? நிறத்தைத் தீர்மானிக்கும் கிட் மரபணு 8-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. தசைக்குள் கால்சியத்தைத் திறந்துவிடும் கதவு போன்ற ரியானோடின் ஏற்பியின் மரபணு இருப்பது 6-ஆம் குரோமோசோமில். அதன் டி.என்.ஏ.வில் ஒரே ஒரு எழுத்து மாறினால் போதும், பயம், அடி, வெயில் எது வந்தாலும் தசைக்குள் கால்சியம் கட்டுப்பாடில்லாமல் கொட்டும், தசை விறைத்துச் சூடேறும், அமிலம் ஊறும். இந்த மாற்றத்தை 1991-இல் டொராண்டோ ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பெல்ஜியத்தின் பியேட்ரான் இனத்திலும் லேண்ட்ரேஸ் வழிகளிலும் இது ஒரு காலத்தில் ஏராளம், ஏனென்றால் இந்த மாறிய பிரதி உள்ள பன்றிகளுக்குத் தசை அதிகம், கொழுப்பு குறைவு. சதையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள், நோயும் கூடவே வந்தது. இரண்டு பிரதியும் மாறிய பன்றி வண்டியிலேயே சாகக்கூடும். ஒரு பிரதி மட்டும் மாறியது பிழைத்துக்கொள்ளும், குட்டிகளுக்குக் கடத்தும், அதன் கறியும் வெளுத்து நீர் கசிய வாய்ப்பு அதிகம். அறுத்து 45 நிமிடத்திலேயே அமிலகாரக் குறியீடு (pH) 6-க்குக் கீழே போய்விட்டால் கறி தண்ணீர் விடும். நல்ல கறி அந்த நிலைக்கு இறங்கப் பல மணி நேரம் எடுக்கும். ஆக, ஊசியும் இல்லை, கலப்படமும் இல்லை. அந்தக் கிடாவின் முடிவேரைச் சோதனைக்கு அனுப்பினோம். ஒரு பிரதி மாறியிருந்தது. செத்தவற்றுக்கு இன்னொரு மாறிய பிரதி லேண்ட்ரேஸ் கலந்த தாயிடமிருந்து வந்திருக்க வேண்டும்.

கிடா விஷயத்தில் ஏன் இவ்வளவு கறார் என்று கேட்பார்கள். ஐ.ஜி.எஃப்.2 என்று ஒரு மரபணு இருக்கிறது. தசையைக் கூட்டி முதுகுக் கொழுப்பைக் குறைக்கும் மாற்றம் ஒன்றை அதில் 2003-இல் கண்டார்கள். தாயிடமிருந்து ஒரு பிரதி, தகப்பனிடமிருந்து ஒரு பிரதி வந்தாலும், குட்டியின் தசையில் தகப்பன் கொடுத்தது மட்டும்தான் வேலை செய்யும். அசல் நாட்டுப் பெட்டைகளாக வைத்துக்கொண்டு, சதைக்காகத் தேர்ந்தெடுத்த கிடாவைப் போட்டுவிட்டு, "நாட்டுப் பன்றிக் கொழுப்பு எங்கே, ருசி எங்கே" என்று தேடினால் எப்படிக் கிடைக்கும்?

இதற்காக நாட்டுப் பன்றி எல்லாம் ஒரே மாதிரி என்றும் நினைக்க வேண்டாம். வங்காளத்தின் குங்ரூ, மேகாலயாவின் நியாங் மேகா, கோவாவின் அகோண்டா கோவன் என்று பதிவு பெற்ற இனங்களே பல. 2019 கணக்கெடுப்பில் நாட்டில் இருந்த சுமார் 90 லட்சம் பன்றிகளில் 70 லட்சத்துக்கு மேல் நாட்டு வகை. ஒரே மந்தைக்குள்ளும் கறியின் உள்கொழுப்பும் வளர்ச்சியும் ஆளுக்கு ஆள் மாறும். தேர்ந்தெடுக்க இடம் இருக்கிறது என்பதே இதன் அர்த்தம். ஆனால் நம் ஆட்கள் தேர்ந்தெடுப்பது தோலை.

இன்னொரு புகார், "நாட்டுப் பன்றி நாறும்". நாறுவது பெரும்பாலும் காயடிக்காத ஆண் பன்றி. எந்த இனமானாலும் பருவம் வந்தால் வாடை வரும், நாட்டுப் பன்றிக்குப் பருவம் சீக்கிரம் வந்துவிடும், அவ்வளவுதான். சாணியில் புரண்டால் இன்னும் மோசம். குட்டியிலேயே காயடியுங்கள், கொட்டிலைக் கழுவுங்கள். அப்புறம், ஓட்டல் கழிவை மட்டுமே போட்டு வளர்த்தால் கொழுப்பு கொழகொழவென்று இருக்கும். பன்றி தின்ற எண்ணெய் பெரும்பாலும் அப்படியே அதன் கொழுப்பில் போய் உட்காரும். அதற்கு எந்த மரபணுவையும் திட்ட முடியாது.

கிடா வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து தாய் தகப்பன் பதிவேட்டைக் கேளுங்கள். பதிவேடு இல்லை என்றால் நாட்டுப் பன்றிக்கான விலை கொடுக்காதீர்கள். விற்பவர் கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும். கூடப் பிறந்த குட்டிகளைப் பாருங்கள். ஒரே ஈத்தில் வெள்ளையும் கறுப்பும் கலந்து நின்றால் அது கலப்பு. ஏற்றுவது விடியற்காலையில். முதல் நாள் இரவு தீவனத்தை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். வேறு வேறு கொட்டில் பன்றிகளை ஒரே வண்டியில் போட்டால் வழியெல்லாம் சண்டை. தடியால் அடித்து ஏற்றுகிறவரை வேலைக்கு வைக்காதீர்கள். இறக்கியவுடன் அறுக்க வேண்டாம். நிழலில் தண்ணீர் தெளித்து இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள்.

விறைத்துச் செத்த பன்றியை "கறியாவது மிஞ்சட்டும்" என்று கத்தியை எடுக்காதீர்கள். திடீர்ச் சாவுக்கு அடைப்பானும் (ஆந்த்ராக்ஸ்) ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலும்கூடக் காரணமாக இருக்கலாம். மூக்கிலோ ஆசனவாயிலோ ரத்தம் இருந்தால் கிட்டவே போக வேண்டாம், கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவர் வந்து பார்த்து, தொற்று இல்லை என்று சொன்ன பிறகு, அதைப் போட்ட தாயிடமும் கிடாவிடமும் முதுகு முடி இருபது முப்பதை வேரோடு பிடுங்கிக் காகித உறையில் போட்டு அவரிடம் கொடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், வேர்த்துக் கெட்டுவிடும். முடிவு வரும்வரை அந்தக் கிடாவை எந்தப் பெட்டையோடும் விடாதீர்கள்.