வேன் கூலியைப் பிரிக்க ஷேப்லியின் கணக்கு

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களிலிருந்து டவுன் பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிவரும் வேன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாதை ஒன்று, ஏறும் குடும்பங்கள் மூன்று. தனித்தனியாக வேன் பிடித்தால் மாதத்துக்கு டவுனுக்குக் கிட்டத்து வீட்டுக்கு 60 வெள்ளி (ரிங்கிட்), நடு வீட்டுக்கு 100, கடைக்கோடி வீட்டுக்கு 180. மூவரும் சேர்ந்தால் மொத்தமே 180தான். கடைக்கோடியிலிருந்து வரும் வண்டி மற்ற இரண்டு வாசலையும் தாண்டித்தானே வருகிறது!

ஆளுக்கு 60 என்று சமமாகப் போட்டால் கிட்டத்து வீட்டுக்காரருக்குச் சேர்ந்ததால் ஒரு காசு மிச்சமில்லை. முழுவதையும் கடைக்கோடி வீட்டின் தலையில் கட்டினால் மற்ற இருவருக்கும் ஓசிப் பயணம்.

இந்த வகைச் சிக்கலுக்கு அமெரிக்கக் கணிதவியலாளர் லாயிட் ஷேப்லி 1953-இல் ஒரு வழி சொன்னார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அவர் முனைவர் பட்டம் பெற்றதும் அதே ஆண்டில்தான். குடும்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்வதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சேரும்போது எவ்வளவு செலவு கூடுகிறதோ அது அவர் கணக்கு. யார் முந்தினார் என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். அதனால் எல்லா வரிசைகளையும் போட்டுப் பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும்.

மூன்று பேருக்கு 6 வரிசைகள். நடு வீட்டை மட்டும் பார்ப்போம். அது முதலில் வரும் 2 வரிசைகளில் 100, 100. கிட்டத்து வீடு மட்டும் முந்தியிருந்தால் 40. கடைக்கோடி வீடு முந்திவிட்ட மற்ற 3 வரிசைகளிலும் 0. கூட்டினால் 240, ஆறால் வகுத்தால் 40 வெள்ளி. இதேபோல் கிட்டத்து வீட்டுக்கு 20, கடைக்கோடிக்கு 120 வருகிறது. மொத்தம் 180.

ஒரே பாதை என்றால் குறுக்குவழியும் உண்டு. விமான ஓடுபாதைச் செலவைப் பிரிப்பது பற்றி 1973-இல் லிட்டில்சைல்ட், ஓவன் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதியது இது. முதல் துண்டுச் சாலையின் 60-ஐ மூவரும் பிரித்துக்கொள்ளலாம், அடுத்த 40 இருவருக்கு, கடைசி 80 ஒருவருக்கு. விடை அதேதான்.

வரிசைகளை எழுதிப் பார்க்கும் முறை சிறு கூட்டத்துக்குத்தான் ஒத்துவரும். 10 பேருக்கே 36,28,800 வரிசைகள். கூட்டம் பெரிதானால் கணினியைக் கொண்டு சில ஆயிரம் வரிசைகளைக் குலுக்கி எடுத்துத் தோராய விடை காண்கிறார்கள்.

ஓட்டில் யாருக்கு எவ்வளவு பலம் என்று அளக்கவும் இதே கணக்கை 1954-இல் ஷேப்லியும் பொருளாதார அறிஞர் மார்ட்டின் ஷூபிக்கும் பொருத்தினார்கள். 100 பங்குள்ள ஒரு கம்பெனியில் மூவருக்கு 50, 49, 1 பங்குகள்; தீர்மானம் நிறைவேற 51 வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் 51-ஐ எட்டவைப்பவர் யார் என்று எண்ணினால் 50 பங்குக்காரர் 4 முறை, 49 பங்குக்காரர் 1 முறை, ஒற்றைப் பங்குக்காரரும் 1 முறை! 49 பங்குக்குக் காசு கொட்டியவருக்குச் சங்கடமான செய்திதான். மலேசிய இந்தியர் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தோட்டத் தொழிலாளர்களை வைத்துத் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் போன்றவற்றில் இந்தச் சிக்கல் எழாது. கூட்டுறவில் பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஓர் ஓட்டு.

எங்கே இடறும்? ஒருவரிடம் வேன், இருவரிடம் லைசென்ஸ். வேனும் ஒரு டிரைவரும் சேர்ந்தாலே மாதம் 600 வெள்ளி வருமானம். இரண்டாவது டிரைவரால் எதுவும் கூடாது. ஷேப்லி கணக்கு வேன்காரருக்கு 400, டிரைவர்களுக்குத் தலா 100 என்கிறது. ஆனால் வேன்காரரும் ஒரு டிரைவரும் தனியே போனால் 500-க்குப் பதில் 600-ஐயும் வைத்துக்கொள்ளலாம். கணக்கில் நியாயம் இருக்கலாம், கூட்டு நிலைக்காது. நம் பள்ளி வேனில் அந்தப் பயமில்லை. எந்த இருவர் பிரிந்தாலும் அவர்களுக்குச் செலவு கூடத்தான் செய்யும். இன்னொரு பலவீனம், 'தனியாகப் போனால் எவ்வளவு' என்ற எண்ணிலேயே எல்லாம் தொங்குகிறது. அதை யாராவது குறைத்துச் சொன்னால் அவர் பங்கும் குறையும். டிரைவரிடமே மூன்று விலையையும் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.

இத்தனைக்கும் ஷேப்லி பொருளாதார வகுப்பு ஒன்றில்கூட உட்கார்ந்ததில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். இரண்டாம் உலகப் போரில் சீனாவின் செங்டுவில் பணியாற்றியபோது சோவியத் வானிலைச் சங்கேதத்தை உடைத்துப் பதக்கம் வாங்கியவர். 1954 முதல் 1981 வரை ராண்ட் ஆய்வு நிறுவனம், பிறகு லாஸ் ஏஞ்சலிஸில் கலிபோர்னியா பல்கலைக்கழகம். 2012-இல் பொருளாதார நோபல் பரிசை ஆல்வின் ராத்துடன் பகிர்ந்துகொண்டது, டேவிட் கேலுடன் 1962-இல் எழுதிய, மாணவர்-கல்லூரி போன்ற இரு தரப்பை ஜோடி சேர்க்கும் முறையை முன்னிட்டு. 2016-இல் மறைந்தார். கணினி ஒரு முடிவை எடுக்க எந்தத் தகவல் எவ்வளவு காரணம் என்று பிரித்துக் காட்ட, 2017-இல் வந்த 'ஷேப்' என்ற முறையும் இதே கணக்குத்தான்.

நம் பள்ளி வேனிலிருந்து ஒரு குடும்பம் விலகினால்? நடு வீடு நின்றுவிட்டால் கடைக்கோடி வீடு 120-க்குப் பதில் 150 கொடுக்க வேண்டும், 30 கூடுதல். கடைக்கோடி வீடு நின்றுவிட்டால் நடு வீடு 40-க்குப் பதில் 70, அதுவும் 30 கூடுதல். எந்த இருவரை எடுத்தாலும் ஒருவர் விலகலால் மற்றவருக்கு ஏறும் சுமை இப்படிச் சமமாகவே வரும். இந்தச் சமநிலை ஷேப்லி கணக்குக்கு மட்டுமே உண்டு என்று 1980-இல் பொருளாதார அறிஞர் ரோஜர் மையர்சன் நிறுவினார்.