வெண்டைக்காய் வறுவல் பிடிக்கும், வெண்டைக்காய் சாம்பார் பிடிக்காது: ஏன்?

"எந்தக் காயையும் தொடமாட்டேங்கிறான் மேடம்" என்று வரும் அம்மாக்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: "வெண்டைக்காயை மொறுமொறுன்னு வறுத்துக் கொடுத்தா?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதைச் சாப்பிடுவான். ஆனா அதெல்லாம் காய் சாப்பிடுறதுல சேர்த்தியா?" என்பார்கள். சேர்த்திதான். வறுவலைத் தின்றுவிட்டுச் சாம்பாரில் கிடக்கும் வெண்டைக்காயைத் துப்புகிற பிள்ளைக்கு அந்தக் காயோடு ஒரு சண்டையும் இல்லை. வாயில் அது வழுக்குவதுதான் ஆகவில்லை.

பெங்களூரில் அல்சூர் பக்கம் குழந்தைகளுக்கான உணவு ஆலோசகராக இருக்கிறேன். வருகிற தமிழ்க் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் புகார் இது. காயின் பெயரை எழுதி "பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடுகிறோம். எப்படிச் சமைத்தபோது துப்பினான் என்பதை யாரும் குறித்துவைப்பதில்லை. எனக்கு வேண்டியது அதுதான்.

நம்முடைய சமையலே இந்தப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கடினம். சாம்பார் சாதத்தில் ஒரு வாய் எடுத்தால் நீராகக் குழம்பு, குழைந்த சோறு, நடுவில் ஒரு முருங்கைத் துண்டு, பல்லில் படும் கடுகு, எல்லாம் ஒன்றாக வருகிறது. குழம்பை விழுங்க வேண்டும், துண்டை மெல்ல வேண்டும், நாரைத் துப்ப வேண்டும். இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் நாக்கு பிரித்துச் செய்வது சில பிள்ளைகளுக்குப் பெரிய வேலை. கூட்டு, அவியல், இந்த ஊர் பிசிபேளேபாத் எல்லாம் இதே வகைதான். அதனால் காயைத் தனிக் கிண்ணத்தில், குழம்பு படாமல் வைத்துப் பாருங்கள். தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் வைத்ததற்கே பாதிப் பிரச்சினை தீர்ந்த வீடுகள் உண்டு.

பீன்ஸ் பொரியலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆறு வயதுப் பெண் தட்டில் பீன்ஸை ஒதுக்குகிறாள் என்றார்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் திறந்து அவளிடமே கொடுத்தேன். அவள் முதலில் பொறுக்கி எடுத்துப் போட்டது தாளிப்பில் இருந்த உளுத்தம்பருப்பை. அடுத்தது தேங்காய்த் துருவல். பிறகு கறிவேப்பிலை. மீதியிருந்த பீன்ஸில் இரண்டு துண்டை, சந்தேகத்தோடுதான், வாயில் போட்டாள். மென்மையான பீன்ஸுக்கு நடுவே கடக்கென்று ஒரு பருப்பு, சக்கையாக வாயில் தங்கும் தேங்காய்: அவளுக்கு ஆகாதது அவை. அடுத்த வாரம் அவள் அம்மா தாளித்த எண்ணெயை வடிகட்டி ஊற்றினார். பாட்டிக்கு மனசே இல்லை, "தேங்காய் போடாத பொரியலா?" என்று கேட்டாராம். நியாயமான வருத்தம்தான். பெரியவர்கள் பங்குக்குக் கடைசியில் தூவிக்கொள்ளலாமே.

இனி அடுப்படி விஷயம். வெண்டைக்காயின் வழுவழுப்பு தண்ணீரில் கரைந்து இழுபடும் ஒருவகைப் பசை. கழுவியதும் துணியால் ஈரம் போகத் துடைத்து, பெரிய துண்டுகளாக நறுக்கி, மூடாமல் அகலச் சட்டியில் வதக்குங்கள். உப்பு கடைசியில். ஒரு ஸ்பூன் புளித்தண்ணீரோ புளித்த தயிரோ விட்டால் இழுபடுவது நன்றாகக் குறையும்.

மற்ற காய்களில் இதே புளி எதிர்வேலை செய்யும். காயின் செல்சுவரைப் பிடித்துவைக்கும் பெக்டின் புளிப்பில் சீக்கிரம் இளகாது. முள்ளங்கியையும் பீன்ஸையும் புளித்தண்ணீரில் போட்டு வேகவைத்தால் எவ்வளவு நேரமானாலும் நடுவில் ஒரு விறைப்பு நிற்கும். முதலில் வெறும் தண்ணீரில் வேகட்டும், புளி அப்புறம். இங்கே இன்னொரு சங்கதி, தண்ணீர். வீட்டுக்குக் காவிரி வருகிறதா, போர்வெல்லா, டேங்கரா? போர்வெல் தண்ணீரில் கால்சியம் அதிகம் என்றால் அது பெக்டினை இன்னும் இறுக்கும். பருப்பும் வேகாது, பீன்ஸும் மெத்தென்று ஆகாது. சென்னையில் பாட்டி வீட்டில் சாப்பிட்ட பிள்ளை ஒயிட்ஃபீல்டு வீட்டில் சாப்பிடாததற்குத் தண்ணீர்கூடக் காரணமாக இருக்கலாம். குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீரில் ஒருமுறை வேகவைத்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

பள்ளி டப்பாவுக்கு வருவோம். ஏழு மணி வேனுக்காக ஆறரைக்கே சுடச்சுட பொரியலை அடைத்து மூடினால், ஆவி மூடியில் முட்டித் தண்ணீராகக் காய்மேல் சொட்டுகிறது. மதியம் அவன் திறக்கும்போது அது நீங்கள் காலையில் வைத்த பொரியலே இல்லை. வீட்டில் சாப்பிடுவான், பள்ளியில் மிச்சம் வைக்கிறான் என்றால் முதலில் இதைக் கவனியுங்கள். தட்டில் பரப்பி ஆறவைத்து மூடுங்கள். ஐந்து வயதைத் தாண்டி நன்றாக மெல்லத் தெரிந்த பிள்ளைக்கு வெள்ளரியோ நூல்கோலோ விரல் நீளத்துக்குப் பச்சையாக வைக்கலாம். அதைவிடச் சின்னவர்களுக்குப் பச்சைக் கேரட் வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

டிசம்பர், ஜனவரியில் பெங்களூர் சந்தையெல்லாம் அவரைக்காய் மணக்கும். கொட்டையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுப்பார்கள், நம் ஓசூர்ப் பக்கமும் பிதுக்குப் பருப்பு என்று குழம்பு வைப்பது உண்டு. பயறின் தோல் வாயில் ஒட்டுகிறது என்று துப்பும் பிள்ளையை இந்த வேலையில் உட்காரவையுங்கள். பிதுக்கினால் பருப்பு துள்ளிப் போய் விழும், நாலு கொட்டை சோஃபாவுக்கு அடியில் போகும், போகட்டும். வாய்க்குப் போகும் முன் கைக்குப் பழகுவது பெரிய விஷயம். அன்றைக்கே சாப்பிட வேண்டும் என்று கணக்குப் பார்க்காதீர்கள். ஒரு புது உணவை ஏற்க 8 முதல் 15 தடவை பார்க்க, தொட, நக்கிப் பார்க்க வேண்டியிருக்கலாம். நாம் மூன்றாவது தடவையிலேயே கைவிட்டுவிடுகிறோம்.

மிக்ஸியில் அரைத்துத் தோசை மாவில் கலப்பதைப் பற்றிக் கேட்பார்கள். சத்துக்காகச் செய்யலாம், ஆனால் பீட்ரூட் தோசை தின்று பீட்ரூட் பழகிய பிள்ளையை நான் பார்த்ததில்லை. ஒளித்துவைத்தது தெரிந்துவிட்டால் தோசையும் போய்விடும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் மிக்ஸியை இன்னும் சீக்கிரம் ஓரங்கட்டுங்கள். 1990களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், 9 மாதத்துக்குப் பிறகே கட்டிகட்டியான உணவைச் சாப்பிடத் தொடங்கியவர்கள் 7 வயதில் காய், பழம் குறைவாகச் சாப்பிட்டது தெரியவந்தது. 6 மாதத்தில் மசித்தது, 8 மாதத்தில் கையில் பிடித்துத் தின்ன மெத்தென்று வெந்த துண்டு, ஒரு வயதில் வீட்டுச் சாப்பாடு: இந்த வரிசையே போதும்.

செல்போனைக் காட்டி ஊட்டுவதில் எனக்கு உடன்பாடே இல்லை. வாயில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் விழுங்கினால் அந்தப் பதம் எப்படிப் பழகும்? என்ன சமைப்பது, எப்போது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்பது பெற்றோர் முடிவு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளையின் முடிவு என்று எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவு நிபுணர் பிரித்துச் சொன்னார். நம் வீடுகளில் "இன்னும் ஒரே ஒரு வாய்" என்பதை நிறுத்துவது சுலபமில்லை, தெரியும். பதற்றத்தைக் குறைக்க ஒன்று சொல்கிறேன்: கொய்யாவும் பப்பாளியும் மாம்பழமும் சாப்பிடுகிற பிள்ளைக்குக் காயில் விட்டுப்போகும் சத்தில் கணிசமான பங்கு கிடைத்துவிடும். காய் பழக அவகாசம் இருக்கிறது.

2 முதல் 6 வயதுக்குள் புது உணவைக் கண்டு ஒதுங்குவது சகஜம். ஆனால் சாப்பிடும் பண்டங்கள் மொத்தமே இருபதுக்குள் இருந்து, அதுவும் சுருங்கிக்கொண்டே வந்தால் சகஜம் என்று விடக்கூடாது. எடை ஏறவில்லை, தயிர்சாதமும் பாலும் மட்டுமே ஓடுகிறது, முகம் வெளுத்திருக்கிறது, விழுங்கும்போது இருமுகிறான், ஒன்றரை வயதுக்கு மேலும் அரைத்ததைத் தவிர எதுவும் இறங்கவில்லை என்றால் முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பால் அதிகமானால் இரும்புச்சத்து குறையும், அதற்கு ரத்தப் பரிசோதனை வேண்டியிருக்கலாம். மலச்சிக்கல், பெரிதான டான்சில், ஆட்டிசம் என்று காரணம் வேறெங்காவது இருக்கலாம். உணவை அளவுக்கு மீறித் தவிர்ப்பதே ஒரு தனிக் கோளாறு என்று 2013-இல் வெளியான டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு வகைப்படுத்தியிருக்கிறது. தேவைப்பட்டால் மருத்துவரே ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் (சாப்பிடுவது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தருபவர்) அனுப்புவார்.

போகும்போது மூன்று நாள் சாப்பாட்டை எழுதி எடுத்துப் போங்கள். "பீன்ஸ் சாப்பிடவில்லை" என்று எழுதாமல், "பீன்ஸ், குக்கரில் மூன்று விசில், தேங்காய் போட்டது, ஆறினபிறகு கொடுத்தது, துப்பினான்" என்று எழுதுங்கள். சாப்பிட்டதையும் அதே மாதிரி எழுதுங்கள், சிப்ஸ் உட்பட.