பிளேட்ட பிடிச்சிருக்கறது எது? அட்ஜஸ்டபிள் டம்பெல் வாங்கறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

போன வருஷம் ஒரு நாள் ஷோல்டர் ப்ரெஸ் (தோள்லேர்ந்து தலைக்கு மேல தூக்கறது) பண்ணிட்டு இருந்தேன், ஒன்பதாவது ரெப்னு, அதாவது ஒன்பதாவது தடவை தூக்கறப்பனு ஞாபகம், வலது கை டம்பெல்ல டக்குனு ஒரு சத்தம், அண்ணாந்து பாத்தா பிளேட்டு, அதாவது ராடுல மாட்டற எடைத் தட்டு, ஆடுது, நட்டு ஒரு விரல் அகலத்துக்கு வெளிய வந்து நிக்குது. மெதுவா இறக்கி வச்சிட்டேன், ஒண்ணும் ஆகல. ஆனா செட் (நிறுத்தாம தூக்கற ஒரு சுற்று) ஆரம்பிக்கறப்ப நானே கையால நல்லா இறுக்கின நட்டு அது. இன்னொரு பக்க நட்டு அப்படியே இறுகிப்போய் இருந்துச்சு. ஒரு பக்கம் மட்டும் ஏன் கழண்டுச்சுன்னு தேடிப் போனதுலதான் எடைய கூட்டிக் குறைக்கற இந்த டம்பெல் எல்லாம் எப்படி வேலை செய்யுதுன்னே எனக்குப் புரிஞ்சுது.

என்னோடது மரை போட்ட ராடு, ரெண்டு முனையிலயும் நட்சத்திர நட்டு. ரெண்டு முனையிலயும் ஒரே மாதிரி வலது மரைதான் இருக்கும். நாம தூக்கறப்ப மணிக்கட்டு கொஞ்சம் திரும்பும், கூடவே ராடும் திரும்பும், ஆனா பிளேட்டு கனமா இருக்கறதால உடனே திரும்பாது, கொஞ்சம் பின்தங்கும், ஸ்கூல்ல நிலைமம்னு படிச்சோமே அதேதான். பின்தங்கற பிளேட்டு தன்னோட ஒட்டியிருக்கற நட்டையும் பிடிச்சு வச்சுக்கும், ராடு மட்டும் உள்ள சுத்தும். இப்ப ஒரே ராட்ட இந்த முனையிலேர்ந்து பாத்தா கடிகாரச் சுத்து, அந்த முனையிலேர்ந்து பாத்தா எதிர்ச்சுத்து, அதனால ஒரே அசைவு ஒரு நட்ட இறுக்குது, இன்னொன்ன கழட்டுது. கை திரும்பி வரும்போது நேர்மாறா நடக்கும்தான், ஆனா போற வேகமும் வர்ற வேகமும் ஒண்ணா இருக்கறதில்ல, அதுவும் போக எந்த மரையிலயுமே இறுக்கறதுக்கு வேணுங்கற பலத்த விட கழட்டறதுக்கு கம்மி பலம் போதும். இத தடுக்கறது நட்டுக்குள்ள இருக்கற அந்த சின்ன ரப்பர் வளையம். அது அமுங்கி பிளேட்ட தள்ளிக்கிட்டே இருக்கற வரைக்கும் மரையில உராய்வு இருக்கும், நட்டு நிக்கும். என்னோட ரப்பர் காஞ்சு கல்லு மாதிரி ஆயிருந்துச்சு.

அதனால டம்பெல் வாங்கப் போறவங்ககிட்ட நான் முதல்ல கேக்கறது எத்தனை கிலோன்னு இல்ல, பிளேட்ட பிடிச்சிருக்கறது எதுன்னுதான். வெயிட்ட கூட்டிக் குறைக்கற டம்பெல், பார்பெல் ஒண்ணும் புதுசு இல்ல, 1902லயே ஆலன் கால்வெர்ட் ஃபிலடெல்ஃபியாவுல மைலோ பார்பெல்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சு வித்துட்டு இருந்தார். இன்னைக்கு வரைக்கும் மாறிக்கிட்டு இருக்கறது முக்கியமா லாக், அதாவது எடைய பிடிச்சு வைக்கற அமைப்புதான்.

டயல் டைப்ப எடுத்துக்கோங்க. ட்ரேல பிளேட்டு எல்லாம் வரிசையா நிக்கும், ஒவ்வொரு பிளேட்டுக்கும் மேல ஒரு திறப்பு, ஹேண்டில் அதுக்குள்ள மேலேர்ந்து இறங்கி உக்காரும். ஹேண்டிலோட அச்சுல பிளேட்டுக்குப் பிளேட்டு நடுவுல சின்னச் சின்ன வட்டத் தகடு இருக்கு, ஒவ்வொண்ணோட விளிம்புலயும் சில இடத்துல மேடு, சில இடத்துல வெட்டு. டயல திருப்பினா இந்தத் தகடு எல்லாம் சேர்ந்து திரும்பும், எந்தத் தகட்டோட மேடு பிளேட்டோட கொக்கிக்கு அடியில வருதோ அந்த பிளேட்டு கூட வரும், வெட்டு வந்தா பிளேட்டு ட்ரேலயே தங்கிடும். பத்து செகண்டுல வெயிட் மாத்திடலாம், அதுதான் இதோட பெரிய வசதி. ஆனா யோசிச்சுப் பாருங்க, தலைக்கு மேல போற அத்தனை எடையையும் தாங்கறது அந்த சின்ன மேடு. பல மாடல்ல அது பிளாஸ்டிக். டயல் பாதியில நின்னா மேடு முழுசா உள்ள போயிருக்காது, பாக்கறதுக்கு மாட்டின மாதிரியே தெரியும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்ல. 2025 ஜூன்ல அமெரிக்காவுல போஃப்ளெக்ஸ்ங்கற பிராண்டோட 552, 1090 டயல் டைப் மாடல்கள், கிட்டத்தட்ட 38 லட்சம் டம்பெல், திரும்பப் பெறப்படுதுன்னு அறிவிப்பு வந்துச்சு, காரணம் தூக்கிட்டு இருக்கறப்ப பிளேட்டு கழண்டு விழறது, நூறு பேருக்கு மேல அடிபட்டிருக்கு. பழசா யார்கிட்டயாவது வாங்கறதா இருந்தா மாடல் நம்பர பாக்காம வாங்காதீங்க.

பின் சொருகற டைப்புல கதை வேற. பெட்டிக்குள்ள பெட்டி மாதிரி அடுக்கு, ஒவ்வொரு அடுக்குலயும் இடது வலது எடைய கம்பி போட்டு இணைச்சிருப்பாங்க, பின்ன எந்த அடுக்குக்குக் கீழ சொருகறீங்களோ அதுக்கு உள்ள இருக்கறது எல்லாம் கையோட வரும். நகர்ற பாகமே கிடையாது, அதனால எனக்கு இதுல நம்பிக்கை ஜாஸ்தி. கை கூண்டுக்குள்ள போகணும்ங்கறது சில பேருக்குப் பிடிக்காது, பெரிய கை இருக்கறவங்க மணிக்கட்டு இடிக்குதான்னு போட்டுப் பாத்துட்டு வாங்கணும். ஹேண்டிலயே திருகற டைப்புல உள்ளேர்ந்து ஒரு தண்டு நீண்டு வந்து பிளேட்டுகளுக்குள்ள போகும், வேணும்ங்கற அளவுக்கு மட்டும் நீளும்.

லாக்குக்கு அடுத்து ஸ்டெப். ஒரு தடவைக்கு எவ்ளோ கிலோ ஏத்த முடியுதுங்கறது. இத யாரும் பாக்கறதே இல்ல, எல்லாரும் மேக்ஸிமம் எவ்ளோன்னுதான் கேக்கறாங்க. எப்லி ஃபார்முலான்னு ஒண்ணு இருக்கு, ரெப்ஸ 30ஆல வகுத்து, 1 கூட்டி, எடையால பெருக்கினா ஒரே ஒரு தடவை தூக்கக்கூடிய அதிகபட்ச எடை தோராயமா வரும். 10 கிலோவ 12 தடவை தூக்கறீங்கன்னு வச்சுக்கோங்க, அது 14 கிலோ. அதே ஆள் 12.5 கிலோவுக்குத் தாவினா எத்தனை ரெப் வரும்னு திருப்பிப் போட்டா 3, 4தான் வருது. 11 கிலோவுக்குப் போனா 8 வரும். 8லேர்ந்து மறுபடி 12க்கு ஏறறது சில வாரத்துல நடக்கற காரியம், 3 ரெப்ல மாட்டிக்கிட்டா உடம்ப வளைச்சு ஆட்டித் தூக்க ஆரம்பிச்சிடுவோம், தோள்ல வலி அங்கதான் ஆரம்பிக்குது. லேட்டரல் ரைஸ் (கைய பக்கவாட்டுல தோள் உயரத்துக்குத் தூக்கறது) மாதிரி சின்ன எடையில பண்றதுக்கு இன்னும் மோசம், 5லேர்ந்து 7.5க்குப் போறது ஒரே தாவுல பாதி எடை கூடற மாதிரி, 20லேர்ந்து 22.5க்குப் போறது எட்டுல ஒரு பங்குதான். அதனால கீழ் எடைகள்ல ஸ்டெப் ஒரு கிலோவ ஒட்டி இருக்கணும், மேல போனப்புறம் 2, 2.5 இருந்தா பரவால்ல. மரை டைப்புல அரை கிலோ பிளேட்டு நாலு வாங்கி வச்சுக்கிட்டா ரெண்டு டம்பெல்லுக்கும் பக்கத்துக்கு ஒண்ணா போட்டு ஒரு கிலோ ஸ்டெப் கிடைச்சிடும்.

அடுத்து நீளம். ஒரே 10 கிலோதான், ஆனா ஒரு டம்பெல் கைக்கு அடக்கமா இருக்கும், இன்னொண்ணு முறுக்கிக்கிட்டு போற மாதிரி இருக்கும். ஒட்டடைக் கம்ப நடுவுல பிடிச்சு இப்படி அப்படி திருப்பிப் பாருங்க, அதே கம்ப பாதியா உடைச்சு சேத்துக் கட்டித் திருப்பிப் பாருங்க, எடை மாறல, ஆனா ரெண்டாவது லேசா திரும்பும். திருப்பறது எவ்ளோ கஷ்டம்ங்கறது, எடை கையிலேர்ந்து இருக்கற தூரத்தோட வர்க்கத்துல போகுது, பிளேட்டு 10 செமீ தள்ளி இருக்கறதுக்கும் 20 செமீ தள்ளி இருக்கறதுக்கும் நாலு மடங்கு வித்தியாசம். டயல் டைப் நிறைய மாடல்ல 4 கிலோ வச்சாலும் 24 கிலோ வச்சாலும் நீளம் ஒண்ணேதான். திருகு டைப்பும் மரை டைப்பும் பரவால்ல, எடை குறைஞ்சா பிளேட்டு கைக்குப் பக்கத்துலயே நின்னுக்கும் (மரை டைப்புல வெறும் ராடு மட்டும் நீட்டிக்கிட்டு இருக்கும், முட்டியில இடிக்கும்).

கீழ போடறது பத்தியும் சொல்லிடறேன். ஒரு மீட்டர் உயரத்துலேர்ந்து விழற டம்பெல் வெறும் தரையில 5 மிமீக்குள்ள நின்னுச்சுன்னா அந்த நேரத்துல சராசரியா அதோட எடையைப் போல 200 மடங்கு விசை அதுக்குள்ள போகுது, உயரத்த நிக்கற தூரத்தால வகுத்தா போதும், கணக்கு அவ்ளோதான். கெட்டியான ரப்பர் மேட் 10 மிமீ அமுங்கினா அது பாதியாயிடும். இரும்பு ராடும் நட்டும் தாங்கும். டயலுக்குள்ள இருக்கற பல்லும் கொக்கியும் ஒரு தடவை விரிசல் விட்டா வெளிய தெரியாது. செட் முடிச்சதும் டம்பெல்ல தொப்புனு விடற பழக்கம் இருக்கறவங்க டயல் டைப் பக்கமே போகாதீங்க. அதே மாதிரி கோப்ளட் ஸ்குவாட்டுக்கு (டம்பெல்ல நெஞ்சோட சேத்துப் பிடிச்சு உக்காந்து எழறது) டம்பெல்ல செங்குத்தா நிறுத்தி மேல் பிளேட்ட உள்ளங்கையால தாங்கறோமே, அப்ப முழு எடையும் லாக்க பக்கவாட்டுல இழுக்குது, அது அதுக்காகச் செஞ்சது இல்ல. அந்த மாதிரி பிடிக்கலாமான்னு மேனுவல்ல பாருங்க.

மேக்ஸிமம் எடைய பத்தி ரொம்பக் கவலைப்பட வேண்டாம்னு நினைக்கறேன். தசை வளரணும்னா இன்னும் ஒண்ணு ரெண்டு ரெப்தான் முடியும்ங்கற அளவுக்குப் பக்கத்துல போய் நிறுத்தறதுதான் முக்கியம், எடை மிதமா இருந்தாலும் வளரும். பலம் வேணும்னா மட்டும் கனம் வேணும், அதுவும் காலுக்குத்தான் முதல்ல பத்தாம போகும்.

எது வாங்கினாலும் ஒரு சோதனை, ட்ரேக்கு (ட்ரே இல்லாததுன்னா தரைக்கு) மேல ஒரு ஜான் உயரம் தூக்கி, ஒவ்வொரு பிளேட்டா கீழ இழுத்துப் பாருங்க, அப்புறம் லேசா குலுக்குங்க. ரெண்டு பக்கமும் தனித்தனி டயல் இருந்தா ரெண்டு நம்பரும் ஒண்ணான்னு வாய்விட்டுப் படிங்க, களைச்சுப் போயிருக்கறப்ப தப்பு அங்கதான் வரும். நான் இன்னும் அதே மரை டம்பெல்லதான் வச்சிருக்கேன், ரப்பர் மட்டும் புதுசு. ஒவ்வொரு தடவை எடை மாத்தி இறுக்கினதும் சாக்பீஸால நட்டு மேலயும் ராடு மேலயும் சேத்து ஒரு கோடு போட்டுடுவேன். செட் முடிஞ்சு இறக்கினதும் கோடு நேரா இருக்கான்னு பாப்பேன், அரை விரல் விலகியிருந்தாலும் மறுபடி இறுக்கிட்டுத்தான் அடுத்த செட்.