ரீலைனிங்: வரியும் இல்லை, பூச்சும் இல்லை

பழைய கழிவுநீர்க் குழாய்க்குள் புது உறை போடும் வேலையை ஆங்கிலத்தில் ‘ரீலைனிங்’ என்பார்கள். கொழும்பில் அதை அறிவித்தல்களில் ‘குழாய் மறுவரியிடல்’ என்று போடுகிறார்கள். வெள்ளவத்தையில் வீடு வைத்திருப்பவர் இதை வாசித்தால் ஆதனவரியை இன்னொரு தடவை கேட்கிறார்கள் என்றுதான் நினைப்பார்.

ஆங்கிலத்தில் ‘லைன்’ என்ற வினைக்கு உடுப்பின் உட்புறத்தில் துணி வைத்துத் தைப்பது என்றும் பொருள். லினன் துணி தரும் ஆளிச்செடியின் பெயரிலிருந்து வந்தது. கோட்டுக்கு லைனிங் வைப்பதும் அதுதான். கோடு, வரி என்ற பேச்சே இங்கே இல்லை.

இப்போது வேறு சிலர் ‘உட்பூச்சு’ என்கிறார்கள். கேட்க நல்ல தமிழ்தான், ஆனால் பொருள் தப்பு. பூச்சு என்றால் மேசன் சாந்து கரைத்துப் பூசுவார் என்றே யாரும் எண்ணுவார்கள். நடப்பது வேறு. 1971இல் லண்டனில் எரிக் வுட் என்பவர் முதலில் செய்துகாட்டிய முறை இது. பிசினில் ஊறிய துணிக்குழாயை ஆள்துளை (மேன்ஹோல்) வழியாக விட்டு, நீர் அல்லது காற்றழுத்தத்தால் உள்ளே பிரட்டிச் செலுத்துவார்கள். பிறகு சுடுநீரோ நீராவியோ புற ஊதா ஒளியோ கொடுத்தால் அது இறுகி, பழைய குழாய்க்குள் மூட்டில்லாத புதுக் குழாயாக நிற்கும். வீட்டு இணைப்புகள் சேரும் வாய்களை உள்ளிருந்தே வெட்டித் திறப்பார்கள். பூசியது உரியும், இது பழைய குழாய் நொறுங்கினாலும் நிற்கிற அளவுக்குத் தடிப்பாகச் செய்யக்கூடியது. மூட்டு வழியே கழிவு கசிவதும் நிலத்தடி நீர் உள்ளே புகுவதும் மரவேர் நுழைவதும் அதோடு நிற்கும். இதையெல்லாம் ‘பூச்சு’ எப்படிச் சொல்லும்?

‘உள்ளுறையிடல்’ போதும். உள்ளுறை என்றதும் தொல்காப்பியம் சொல்லும் உள்ளுறை உவமம், அதாவது பொருளை மறைத்துச் சொல்லும் உவமை, ஞாபகம் வருகிறது என்று பண்டிதர்கள் முறைப்பார்கள். வரட்டுமே, கழிவுநீர் அறிவித்தலில் யாரும் குறிப்புப்பொருள் தேடப்போவதில்லை. ‘மறு’வும் வேண்டாம். நூறு வயது தாண்டிய களிமண் குழாய்க்கு முன்பு எப்போது உறை போட்டார்கள், மறுபடி போட?

1987இலேயே தமிழும் அரசகரும மொழியாகிவிட்டது. இன்னும் மொழிபெயர்ப்பாளர் கைக்குத் தாள்தான் வருகிறது, வேலை நடக்கும் இடத்தை யாரும் காட்டுவதில்லை. அதனால் அகராதியில் முதலில் அகப்படும் பொருளை எடுத்துப் போட்டுவிடுகிறார். பிசின் இறுகும்போது அதிலுள்ள ஸ்டைரீன் என்ற இரசாயனத்தின் நெடி வரலாம், அது வீட்டுக்குள் ஏறாமலிருக்க வடிகால் வளைவுகளில் தண்ணீர் ஊற்றி வையுங்கள் என்ற அவசியமான வரியாவது தமிழில் தெளிவாக இருக்கட்டும்.