மருந்துச் சீராய்வு: சொல் விளக்கம்

மருந்துச் சீட்டின் அடியில் 'மூன்று மாதம் கழித்து ரிவ்யூ' என்று இருக்கும். நோயாளி அதை 'மாத்திரை தீர்ந்ததும் வரவும்' என்று படித்துக்கொள்கிறார். மருத்துவரும் பல நேரம் 'அதையே கன்டினியூ பண்ணுங்க' என்று முடித்துவிடுகிறார். மெடிகேஷன் ரிவ்யூ என்ற கலைச்சொல் குறிப்பது இதை அன்று. ஒருவர் உட்கொள்ளும் ஒவ்வொரு மருந்தும் எதற்காகத் தொடங்கப்பட்டது, அந்தக் காரணம் இன்னும் இருக்கிறதா, தரும் பலன் செய்யும் தீங்கை விடப் பெரிதா என்று கேட்டு, தொடர்வதா குறைப்பதா நிறுத்துவதா என முடிவெடுப்பதே அதன் பொருள்.

ரிவ்யூ என்பதன் லத்தீன் வேர் 'மீண்டும் பார்த்தல்' என்று மட்டுமே சொல்லும். மீளாய்வு, மறுஆய்வு ஆகிய நம் சொற்களும் அதை ஒட்டியவை, பிழையில்லை. எனக்குச் 'சீராய்வு'தான் பொருத்தமாகப் படுகிறது. நீதிமன்றச் செய்திகளில் 'சீராய்வு மனு' என்று ஏற்கெனவே புழங்கும் சொல் இது. கேட்டதும் 'சீர்தூக்குதல்' நினைவுக்கு வரும். தராசில் எடை பார்ப்பது என்ற அந்தப் பொருள் இங்கே வேண்டியிருக்கிறது.

பக்கத்திலேயே நிற்கும் இன்னொரு சொல் டிப்ரிஸ்கிரைபிங். மருத்துவ இதழ்களில் 2003 வாக்கில், ஆஸ்திரேலிய முதியோர் மருத்துவத்திலிருந்து புழக்கத்துக்கு வந்தது. தேவையற்றுப் போன மருந்தை மருத்துவரின் கண்காணிப்பில் விலக்குவதைக் குறிக்கும். 'மருந்து நிறுத்தம்' என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று முதியவர் அஞ்சுவார். 'மருந்து குறைப்பு' என்றால் அளவைக் குறைப்பதாகத் தோன்றும். 'மருந்து விலக்கல்' எனலாம். விலக்கல் என்பது சீராய்வின் முடிவுகளில் ஒன்று மட்டுமே. இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

சீராய்வு என்ற சொல்லின் முழுப் பொருளும் விளங்க நல்ல எடுத்துக்காட்டு, இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பதற்காக முதியவர்கள் ஆண்டுக்கணக்கில் விழுங்கும் குயினைன். அந்த வலிக்குத் தமிழில் 'குரக்குவலி' என்று பெயர் உண்டு. பேச்சில் 'கொரக்கு பிடிச்சிருச்சு' என்பார்கள். குரங்குதல் என்றால் வளைதல், மடங்குதல். குரங்கு என்பது சொற்புணர்ச்சியில் குரக்கு ஆவதை 'குரக்குக்கால்' என்ற இலக்கணப் பாட எடுத்துக்காட்டிலேயே பார்க்கலாம். விரல்கள் மடங்கிப் பாதம் வளைந்துகொள்ளும் வலிக்கு அந்த வேர் இயல்பாகவே பொருந்துகிறது. மரத்தில் தாவும் விலங்கை இங்கே இழுக்க வேண்டியதில்லை.

குயினைன் என்ற சொல், மரப்பட்டையைக் குறிக்கும் தென் அமெரிக்கக் கெச்சுவா மொழிச் சொல்லிலிருந்து வந்தது. சின்கோனா மரப்பட்டையிலிருந்து பெல்லத்தியே, கவந்து என்ற பிரெஞ்சு வேதியியலாளர்கள் இதை 1820இல் பிரித்தெடுத்தனர். தமிழில் மலேரியாக் காய்ச்சலுக்கான 'கொயினா'வாக நெடுநாளாக அறிமுகமானது. குரக்குவலிக்கு இது கொஞ்சம் உதவும் என்பது உண்மைதான். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், 2 வாரத்தில் பிடிப்புகளின் எண்ணிக்கை சுமார் கால் பங்கு குறைந்தது; ஒவ்வொரு பிடிப்பும் நீடிக்கும் நேரம் குறையவில்லை.

தராசின் மறுதட்டில் இருப்பவை வேறு எடை. இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கை திடீரென வீழலாம். இது அரிது, ஆனால் உயிருக்கே ஆபத்தாகலாம். இதயத் துடிப்பு சீர்கெடலாம். காதில் இரைச்சல், பார்வை மங்கல், குமட்டல் எல்லாம் சேர்ந்து வருவதும் உண்டு. டிகாக்சின் என்ற இதய மருந்தை எடுப்பவருக்கு அதன் அளவு இரத்தத்தில் ஏறும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு குரக்குவலிக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. பிரிட்டனின் வழிகாட்டல் கதவைச் சற்றே திறந்து வைத்திருக்கிறது: தூக்கம் அடிக்கடி கெட்டால் மட்டும், மற்ற வழிகள் பலிக்காதபோது கொடுக்கலாம், 4 வாரத்தில் பலன் இல்லையெனில் நிறுத்த வேண்டும், பலன் இருந்தாலும் சுமார் 3 மாதத்துக்கு ஒருமுறை இடைவெளி விட்டுப் பார்க்க வேண்டும். சீட்டில் எழுதும் அந்த 'மூன்று மாத ரிவ்யூ' உண்மையில் இப்படித்தான் நடக்க வேண்டும். வலி திரும்பவில்லையென்றால் மருந்து தேவையில்லை. திரும்பிவந்து தூக்கத்தைக் கெடுத்தால் மறுபடி எடை போடலாம்.

சீராய்வு அந்த ஒரு மாத்திரையோடு நிற்காது. இரத்த அழுத்தத்துக்கும் தரப்படும் சிறுநீர் பெருக்கி மாத்திரைகள், நீண்ட நேரம் வேலைசெய்யும் மூச்சிழுப்பு மருந்துகள், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின்கள் ஆகியவற்றோடு குரக்குவலிக்குத் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. ஒரு மருந்து தந்த வலிக்கு இன்னொரு மருந்து எழுதியிருந்தால், அவிழ்க்க வேண்டிய முடிச்சு முதல் மருந்தில் இருக்கிறது. அதற்காக இரத்த அழுத்த மாத்திரையைத் தானே நிறுத்திக்கொள்வது சீராய்வு ஆகாது. அந்த முடிவு மருத்துவரோடு சேர்ந்து எடுக்க வேண்டியது. பலரும் நாடும் மக்னீசியம் மாத்திரையும் முதியவர்களின் குரக்குவலியைத் தடுப்பதில் சொல்லும்படி உதவவில்லை. படுக்கும் முன் கெண்டைக்காலை நீட்டி மடக்கும் பயிற்சிக்கு ஆய்வுகள் ஒருமித்த பதில் தரவில்லை. ஆனாலும் தீங்கில்லாததால் முயன்று பார்க்கலாம். பிடித்துக்கொண்ட நொடியில் கால்விரல்களை முழங்கால் பக்கம் இழுத்துப் பிடித்தால் தசை நெகிழும்.

சீராய்வுக்காக நோயாளி உட்கொள்பவற்றின் பட்டியல் கேட்கும்போது மாத்திரைகளை மட்டும் கேட்டால் ஒன்று தப்பிவிடும். டானிக் வாட்டர் என்ற பானத்தின் கசப்பும் குயினைனால் வருவதே. குயினைனால் தட்டணு குறைந்த அனுபவம் உள்ளவர் அதையும் தொடக் கூடாது.