செயின் நீளவில்லை, தேய்ந்திருக்கிறது

“செயின் லூஸாகிவிட்டது என்று கடையில் ஒரு ஜோடிக் கண்ணியைக் கழற்றினார்கள். சில மாதங்களில் மறுபடி லூஸ். இன்னொரு ஜோடி போயிற்று. கடைசியில் புதுச் செயினே மாட்டிவிட்டேன். இப்போது மேட்டில் எழுந்து நின்று மிதித்தால் கடக்கென்று பல்லைத் தாண்டுகிறது. பழைய செயினில் இல்லாத கோளாறு புதுச் செயினில் எப்படி வரும்?” வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். தினமும் வேலைக்குச் சைக்கிளில் போகிறவர். முன்னால் 44 பல் செயின் வீல், பின்னால் 18 பல் ஃப்ரீவீல், கியர் கிடையாது.

புதுச் செயினில் கோளாறு எதுவும் இல்லை. ஃப்ரீவீலின் பற்கள் போய்விட்டன. அவற்றைத் தின்றது பழைய செயின். கண்ணி கழற்றிக் கழற்றி அதையே ஓட்டியதால் தின்ன அவகாசமும் கிடைத்துவிட்டது.

இது புரிய, செயினைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். சைக்கிளில் ஓடும் உருளைச் செயினுக்கு 1880-ல் மான்செஸ்டரில் காப்புரிமை பெற்றவர் ஹான்ஸ் ரெனால்ட். அடிப்படை அமைப்பு இன்றும் அவருடையதுதான். வெளிக் கண்ணி, உள் கண்ணி என்று இரண்டு வகைக் கண்ணிகள் மாறி மாறி வரும். வெளிக் கண்ணியின் இரு பட்டைகளையும் இரண்டு ரிவிட்டுகள் இறுகப் பிடித்திருக்கும். உள் கண்ணியின் இரு பட்டைகளுக்கு நடுவே புஷ் எனப்படும் இரண்டு சிறு குழாய்கள் இருக்கும். ரிவிட் அந்தப் புஷ்ஷுக்குள் நுழைந்து திரும்பும். புஷ்ஷின் மேல் தளர்வாகச் சுற்றுவது உருளை. கியர் வண்டிச் செயின்களில் தனிப் புஷ் கிடையாது, பட்டையின் துளை விளிம்பையே உள்பக்கம் பிதுக்கி அந்த வேலையை வாங்குகிறார்கள். ஓர் உருளையின் மையத்திலிருந்து அடுத்த உருளையின் மையம் வரை அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. சாதா வண்டியானாலும் பந்தய வண்டியானாலும் இந்த அளவு மாறாது. அகலம் மட்டும் மாறும். கியர் இல்லாத வண்டிகளுக்குப் பெரும்பாலும் 1/8 அங்குலம், 6 முதல் 8 கியர் கொண்டவற்றுக்கு 3/32 அங்குலம், அதற்கு மேல் இன்னும் ஒல்லி.

‘செயின் நீண்டுவிட்டது’ என்று எல்லோரும் சொல்கிறோம். எஃகு நீள்வதே இல்லை. பெடலில் 50 கிலோ எடையை அழுத்தினால், 170 மி.மீ. கிராங்கும் (பெடலைத் தாங்கும் கை) 44 பல் செயின் வீலும் உள்ள வண்டியில் செயினில் விழும் இழுவை ஏறத்தாழ 96 கிலோ. நல்ல செயின் அறுபட 800 கிலோவுக்கு மேல் வேண்டும். ஆகவே பட்டைகள் ரப்பர் மாதிரி இழுபட வாய்ப்பில்லை. தேய்வது ரிவிட்டும் அது உட்கார்ந்திருக்கும் புஷ்ஷின் உட்சுவரும்தான். ஒரு மூட்டில் 0.06 மி.மீ. தேய்மானம், கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் பருமன். 110 கண்ணிகள் சேர்ந்தால் அதுவே 7 மி.மீ. ஆகிறது. பின் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்துக் கட்டச் சொல்வது இந்த 7 மி.மீ.தான்.

இதில் பலர் கவனிக்காத ஒரு நுட்பம் இருக்கிறது. உள் கண்ணியின் இரண்டு புஷ்களும் ஒரே பட்டையில் இறுகப் பதிந்தவை. அவற்றுக்கு இடையே உள்ள தூரம், ரிவிட் எவ்வளவு தேய்ந்தாலும் மாறாது. அப்படியானால் கூடிய நீளம் எங்கே போயிற்று? முழுவதும் வெளிக் கண்ணிக்கு. இழுவையில் இருக்கும்போது வெளிக் கண்ணியின் இரு முனைகளிலும் ரிவிட் தேய்ந்த பக்கமாக ஒதுங்குகிறது, பக்கத்து உள் கண்ணிகள் இரண்டும் விலகிப் போகின்றன. அரை விழுக்காடு தேய்ந்த செயினில் உருளைகளின் இடைவெளியை நுணுக்கமாக அளந்தால் 12.70, 12.83, 12.70, 12.83 என்று ஒன்று விட்டு ஒன்று மாறி மாறி வரும். செயின் சீராக நீண்டதாக நாம் நினைத்திருப்போம். அது நொண்டி நொண்டி ஓடிக்கொண்டிருக்கும்.

இதற்கு ஒரு விளைவும் உண்டு. 44 என்பது இரட்டைப்படை எண். செயினைக் கழற்றாதவரை ஒரே பல்லில் எப்போதும் உள் கண்ணியே வந்து உட்காரும், அடுத்த பல்லில் எப்போதும் வெளிக் கண்ணி. பற்களும் ஒன்று விட்டு ஒன்று வேறு மாதிரி தேயும். அதனால் சுத்தம் செய்யச் செயினைக் கழற்றுவதற்கு முன், வெளிக் கண்ணி உட்கார்ந்திருக்கும் ஒரு பல்லில் பெயின்ட் பொட்டு வைத்துக்கொண்டு, திரும்ப மாட்டும்போது அதே பல்லில் வெளிக் கண்ணியை வையுங்கள். 17, 19 போல ஒற்றைப்படைப் பல் ஃப்ரீவீலில் இந்தத் தொல்லை இல்லை. சுற்றுக்குச் சுற்று இடம் மாறித் தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் பரவிவிடும்.

நேராகப் போகும்போது மூட்டு தேயாது. மடங்கும்போதுதான் தேயும், அதுவும் இழுவையோடு மடங்கினால். மேல் பக்கச் செயின் ஃப்ரீவீலிலிருந்து கிளம்பும் இடமும் செயின் வீலில் ஏறும் இடமும்தான் அப்படிப்பட்டவை. கீழ்ப் பக்கம் தொய்ந்து கிடப்பதால் அங்கே மடங்குவதில் பெரிய சேதமில்லை. மடங்கும் கோணம் 360-ஐப் பல் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது: 44 பல்லில் 8 டிகிரி, 18 பல்லில் 20 டிகிரி, 11 பல்லில் 33 டிகிரி. 44-க்கு 16, 33-க்கு 12 இரண்டும் ஒரே கியர் விகிதம்தான். ஆனால் இரண்டாவதில் ஃப்ரீவீல் பக்கம் 22.5-க்குப் பதில் 30 டிகிரி மடங்க வேண்டும், செயினில் இழுவையும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். எடை குறையும் என்று சின்னப் பல்சக்கரங்களை வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. தினமும் ஓட்டவும் நெடும்பயணத்துக்கும் பெரிய பல்சக்கர ஜோடியே நல்லது என்பேன்.

இனி ஃப்ரீவீலுக்கு வருவோம். செயினும் பல்லும் ஒரே இடைவெளியில் இருக்கும்போது சுமையைப் பல பற்கள் பகிர்ந்துகொள்ளும். இடைவெளி கூடிய செயின் பற்களின் மேல் சற்று உயரத்தில் ஏறி உட்காரும். கிட்டத்தட்ட மொத்தச் சுமையும் மேலே, செயின் விடைபெறும் இடத்தில் இருக்கும் ஒரே பல்லின் மேல் விழும். அந்தப் பல்லை விட்டுக் கிளம்பும்போது உருளை சுமையோடு அதன் முகத்தை உரசிக்கொண்டு போகிறது. ஒவ்வொரு பல்லுக்கும் இதே கதிதான். நாளாக ஆகப் பல்லின் முகம் குடைபட்டுக் கொக்கி போலாகிறது. பழைய செயின் இதிலும் ஓடும், அதன் நீண்ட இடைவெளிக்கு ஏற்ற குழிகளை அதுவே வெட்டிவைத்திருக்கிறது. புதுச் செயினுக்கு அந்தக் குழிகள் பொருந்தா. மேலே இருக்கும் உருளைகள் இழுவையில் குழியின் குடைபட்ட பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். கீழிருந்து வரும் உருளை குழிக்குள் இறங்க முடியாமல் கொக்கியின் நுனியில் மோதி மேலே ஏறும். அடுத்ததும் ஏறும். மெதுவாக மிதித்தால் எப்படியோ சறுக்கி உள்ளே விழுந்துவிடும். அழுத்தி மிதித்தால் தாண்டும். வாசகருக்கு மேட்டில் மட்டும் தாண்டுவது இதனால்தான். எழுந்து நின்று மிதிக்கும் நேரத்தில் தாண்டினால் ஆள் ஹேண்டில்பார் மேல் போய் விழுவார், அதனால் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

கண்ணி கழற்றும் பழக்கம் ஏன் தவறு என்பது இப்போது தெரிந்திருக்கும். கழற்றினால் செயினின் மொத்த நீளம் குறையும், தொய்வு போகும். மிச்சமிருக்கும் ஒவ்வொரு கண்ணியின் இடைவெளியும் அதே தப்பான அளவில்தான் இருக்கும். புதுச் செயினை அளவுக்கு வெட்டும்போது கண்ணி கழற்றலாம். ஓடித் தேய்ந்த செயினில் கூடாது.

அளப்பது சுலபம். அங்குலக் கோடு போட்ட எஃகு அளவுகோல் ஒன்று போதும். துணி டேப் வேண்டாம், அது இழுபடும். பெடலை மெல்ல அழுத்திச் செயினை இழுவையில் வைத்துக்கொண்டு, ஒரு ரிவிட்டின் மையத்தில் பூச்சியத்தை வையுங்கள். 24 கண்ணி தள்ளியிருக்கும் ரிவிட்டின் மையம் சரியாக 12 அங்குலத்தில் நின்றால் செயின் புதிது போல இருக்கிறது. 1/16 அங்குலம் தாண்டியிருந்தால் அரை விழுக்காடு தேய்மானம். செயினை மட்டும் மாற்றுங்கள், பற்கள் தப்பிக்கும். 1/8 அங்குலம் தாண்டியிருந்தால் ஒரு விழுக்காடு, ஃப்ரீவீலையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். கடைகளில் கிடைக்கும் செயின் செக்கர்கள் பலவும் இரண்டு உருளைகளை எதிரெதிராகத் தள்ளி அளப்பவை. உருளையின் ஆட்டத்தையும் சேர்த்துக் கணக்கிடுவதால் தேய்மானத்தைக் கூட்டிக் காட்டும். அளவுகோலில் அந்தப் பிழை கிடையாது. ஆயுத பூஜைக்கு வண்டியைத் துடைத்துப் பொட்டு வைக்கிற கையோடு அளவுகோலையும் வைத்துப் பாருங்கள். ஆனால் அன்று குழாய் போட்டுச் செயினில் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம், மூட்டுக்குள் போன தண்ணீர் எண்ணெயை வெளியேற்றித் துருவை விட்டுவிட்டுப் போகும்.

எண்ணெய் வெளியில் மினுமினுப்பதால் பயனில்லை. அது போய்ச் சேர வேண்டிய இடம் ரிவிட்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே இருக்கும் நூலிழை இடைவெளி. கீழ்ப் பக்கச் செயினின் உட்புறத்தில், ஒவ்வொரு உருளையின் இரு ஓரத்திலும் படும்படி ஒரு சொட்டு விட்டுக்கொண்டே பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். முழுச் செயினுக்கும் 5 மி.லி. தாராளம். இரவு முழுக்க விட்டுவிட்டுக் காலையில் வெளிப்புறத்தை உலர்ந்த துணியால், கறை வருவது நிற்கும்வரை துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்ட எண்ணெயில் தூசி ஒட்டும். நம் மண்ணில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் துகள், ரிவிட்டின் மெல்லிய கடின மேற்தோலைக்கூட மெல்ல மெல்ல அரைத்துவிடும். அந்தத் தோல் போனால் உள்ளிருக்கும் மென்மையான எஃகு வேகமாகக் கரையும்.

கடைகளில் டப்பாவில் வைத்துப் பூசும் பழைய இன்ஜின் ஆயில் கூடவே கூடாது, அதிலேயே கரித்தூளும் உலோகத் துகளும் இருக்கின்றன. புது 20டபிள்யூ-40 இன்ஜின் ஆயில் நன்றாகவே வேலை செய்யும். தையல் மெஷின் ஆயில் உள்ளே நுழைவதில் கெட்டி, ஆனால் மழையில் சீக்கிரம் போய்விடும். தேங்காய் எண்ணெய் பிசுபிசுத்துக் கட்டிக்கொள்ளும். கிரீஸை மேலே அப்பினால் மூட்டுக்குள் இறங்காது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவலாம். ஆனால் முழுக்கக் காய்ந்த பிறகே எண்ணெய் விட வேண்டும், இல்லாவிட்டால் புது எண்ணெயும் நீர்த்துப்போகும். தொழிற்சாலையிலிருந்து வரும் புதுச் செயினைக் கழுவ வேண்டாம், சூடாக்கி உள்ளே இறக்கிய கிரீஸைவிட நல்ல மசகை நாம் விட்டுவிட முடியாது.

1999-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் குழு செயின் டிரைவை ஆராய்ந்தபோது, சாதகமான நிலையில் ஆற்றலில் 98.6 விழுக்காடு பின் பல்சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பெரிய பல்சக்கரங்களில் இழப்பு குறைந்தது. எண்ணெயால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. இதை வைத்து எண்ணெயே வேண்டாம் என்று முடிவு கட்டக் கூடாது. அது சுத்தமான ஆய்வகம், அளந்தது ஆற்றல் இழப்பை, ஆயுளை அல்ல. நம் செம்மண் தூசியிலும் கடற்கரை உப்புக் காற்றிலும் எந்த எண்ணெய் எத்தனை கிலோமீட்டர் தாங்கும் என்று அளந்து வெளியிட வேண்டியவர்கள் நாம்தான். கோவையிலும் அம்பத்தூரிலும் செயின் தயாராகிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் விலையில்லா மிதிவண்டி வழங்கும் மாநிலம் இது. ஒரு மோட்டார், இரண்டு பல்சக்கரம், ஒரு வெர்னியர் இருந்தால் பொறியியல் கல்லூரி மாணவர்களே செய்யக்கூடிய சோதனை. மின்வாகன ஆராய்ச்சிக்குப் போகும் பணத்தில் ஒரு துளியாவது இதற்கு வர வேண்டும்.

நெடும்பயணம் போகிறவர்கள் செயின் கட்டர், தங்கள் செயினின் அகலத்துக்கு ஏற்ற செயின் லாக் (செயின் முனைகளை இணைக்கும் கண்ணி) இரண்டு, நான்கைந்து உதிரிக் கண்ணிகள், 30 மி.லி. எண்ணெய், ஒரு துணி ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 8 கியர் லாக் 10 கியர் செயினுக்குச் சேராது. மீன் வடிவ கிளிப் போட்ட லாக் என்றால், மூடிய தலைப்பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். வாய்ப்பக்கம் முன்னால் இருந்தால் ஏதாவது உரசியதும் கழன்று விழும். கியர் இல்லாத வண்டியில் கீழ்ச் செயினின் நடுவே மேலும் கீழுமாக மொத்தம் 12 மி.மீ. ஆட்டம் இருக்கட்டும். செயின் வீல் முழு வட்டமாக இருப்பது அபூர்வம் என்பதால், பெடலை ஒரு சுற்றுச் சுற்றிச் செயின் அதிகம் இறுகும் இடத்தில் இதைப் பார்க்க வேண்டும்.

கேள்வி கேட்டவர் செய்ய வேண்டியது ஃப்ரீவீலை மாற்றுவது. புதுச் செயினை அப்படியே வைத்துக்கொள்ளலாம். முன் செயின் வீலில் செயின் இழுவையோடு ஏறித் தொய்வோடு இறங்குவதாலும், பற்கள் அதிகம் என்பதாலும் அங்கே தாண்டல் வராது. பற்கள் கண்ணுக்குத் தெரியக் கொக்கியாகாதவரை விட்டுவிடலாம். ஃப்ரீவீல் மிதிக்க மிதிக்க இறுகிக்கொண்டே போகும் மரையில் இருப்பதால் ஸ்பேனருக்கு அசையாது. ஃப்ரீவீலைக் கழற்றும் ரிமூவரை வைஸில் பிடித்து, சக்கரத்தை அதன்மேல் கவிழ்த்து, ரிமை இரு கையாலும் பிடித்து ஸ்டியரிங் மாதிரி இடப்பக்கம் திருப்பினால் விட்டுக்கொடுக்கும். புது ஃப்ரீவீலைப் போடுமுன் ஹப் மரையில் கிரீஸ் தடவுங்கள். 18-க்குப் பதில் 19 பல் கிடைத்தால் அதையே வாங்கலாம், மேடும் சற்று இலகுவாகும்.