சொல் விளக்கம்: மினியேச்சர், டால் ஹவுஸ், சிற்றில்

ஒரு வீட்டையோ அறையையோ எடுத்துக்கொண்டு, கதவு, சன்னல், கட்டில், அடுப்பு, அடுக்குப்பானை வரை எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சுருக்கிச் செய்து, மெய்யான வீட்டைப் போலவே நிறுத்திக் காட்டும் கைவினைக்கு இப்போது நம்மிடம் வழங்கும் பெயர்கள் இரண்டும் கடன் சொற்கள்: மினியேச்சர், டால் ஹவுஸ். ‘பொம்மை வீடு’ என்ற மொழிபெயர்ப்பும் உண்டு. இச்சொற்களின் பிறப்பையும் பொருளையும் பார்த்துவிட்டு, இவற்றுக்கு ஈடாகத் தமிழில் எதை ஆளலாம் என்பதைக் காண்போம்.

‘மினியேச்சர்’ என்ற சொல்லின் வேர் சிறுமையில் இல்லை, சிவப்பில் இருக்கிறது. இலத்தீனில் ‘மினியம்’ என்பது செந்நிறப் பொடி. குறிப்பாக ஈயத்தைச் சுட்டுச் செய்யும் ஈயச் செந்தூரம். அச்சு வருவதற்கு முன், ஐரோப்பியத் துறவியர் மடங்களில் ஏடுகளைக் கையால் படியெடுத்தவர்கள், பத்தியின் முதலெழுத்தை இந்தச் செந்தூரத்தால் தீட்டினார்கள். அப்படித் தீட்டுவதற்கு ‘மினியாரே’ என்று பெயர். அதிலிருந்து ஏட்டுக்குள் வரையப்படும் வண்ணப்படத்துக்கு இத்தாலிய மொழியில் ‘மினியத்தூரா’ என்ற பெயர் வந்தது. ஏட்டுக்குள் அடங்கவேண்டிய படம் சிறிதாகத்தானே இருக்கும்! அதனுடன் ‘மைனர்’, ‘மைனஸ்’ என்று சிறுமையையும் குறைவையும் காட்டும் சொற்களின் ஓசையும் ஒத்துப்போனதால், காலப்போக்கில் செந்தூரம் மறைந்து, ‘சிறியது’ என்ற பொருளே நிலைத்தது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இது ஆங்கிலத்துக்குள் வந்து, முதலில் சிறிய உருவப்படங்களையும், பிறகு அளவில் சுருக்கிய எந்தப் பொருளையும் குறிக்கலாயிற்று. முகலாயர், இராசபுத்திரர் காலத்து ஏட்டோவியங்களுக்கும் இதே சொல்லை ஆள்கிறார்கள். அந்த இடத்தில் ‘சிற்றோவியம்’ என்ற தமிழ்ச்சொல் ஏற்கெனவே நன்றாக ஊன்றிவிட்டது.

கைவினையைப் பொறுத்தவரை, வெறுமனே சிறியதாக இருப்பது மினியேச்சர் ஆகாது. எந்த அளவில் சுருக்கப்பட்டது என்ற கணக்கே அதன் உயிர். உலகெங்கும் மிகுதியாகப் பின்பற்றப்படுவது 1:12 என்ற விகிதம். நம் தச்சர்கள் பேச்சில் சொன்னால், அடிக்கு அங்குலம். ஏழடி உயர வாசற்கால் ஏழங்குலம் ஆகும். ஒன்றரை அடி விட்டமுள்ள ராகி அரைக்கும் திரிகைக் கல் ஒன்றரை அங்குலத்தில் அடங்கும். கிருஷ்ணகிரித் தோப்பில் பறித்த ஆறங்குலப் பெங்களூரா மாங்காய் அரை அங்குலமாகும். அந்த அரை அங்குலத்திலும் காயின் நுனியில் கிளிமூக்கு வளைவு தெரியவேண்டும். தெரியாவிட்டால் அது பெங்களூரா இல்லை, வெறும் பச்சை உருண்டை. சோளமாவையும் ஃபெவிகாலையும் கலந்து காய்ச்சிய பசைமாவில் காயை உருட்டி, நுனியை மட்டும் பல்குத்தும் குச்சியால் மெல்ல ஒருபக்கமாக இழுத்துவிட்டால் அந்த வளைவு வரும். காயைவிடக் காம்பு கடினம். அதற்குத் துடைப்பத்தின் ஈர்க்கை நீளவாக்கில் பிளக்கவேண்டும்.

நீளம் பன்னிரண்டில் ஒரு பங்கானால், பரப்பு 144இல் ஒரு பங்காகவும், கன அளவு 1,728இல் ஒரு பங்காகவும் குறைகிறது. ஆகவே எடை மிக வேகமாகக் குறைகிறது. கொடியில் தொங்கும் சேலைக்கு அதே துணியை வெட்டிப் போட்டால், கீழே இழுக்கும் கனம் இல்லாமல் அது அட்டைபோல விறைத்து நிற்கும். அதனால்தான் மிக மெல்லிய துணியைத் தேடிப் பிடித்து, மடிப்பு மடிப்பாகப் பசை தடவிப் படியவைக்கிறார்கள். மரத்திலும் இப்படித்தான்: தேக்கின் வரி ஆளுயரக் கதவில் அழகு, ஏழங்குலக் கதவில் முரடு. வரி மெலிந்த மரம் வேண்டும். கர்நாடகத்துச் சென்னபட்டணாவின் கடைசல் பொம்மைகளுக்குப் பயன்படும் வெட்பாலை, வெளுப்பும் நெருங்கிய வரியும் கொண்டிருப்பதால் இதற்கு இசைவானது. இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம், ‘சின்னதாகச் செய்வது’ என்ற பொருளில் மட்டும் ஒரு தமிழ்ச்சொல்லைத் தேர்ந்தால் இக்கைவினையின் பாதி விட்டுப்போகும் என்பதே.

இனி ‘டால் ஹவுஸ்’. ‘டால்’ என்பது முதலில் பொம்மை அன்று, ஒரு பெண்ணின் செல்லப்பெயர். மேரியை ‘மால்’ என்று அழைத்ததுபோல டாரதியை ‘டால்’ என்று அழைத்தார்கள்; அது 1700ஆம் ஆண்டை ஒட்டி விளையாட்டுப் பாவைக்குப் பெயராயிற்று. அதற்கு முன் ஆங்கிலத்தில் பாவையைக் குறிக்கவும் ‘பேபி’ என்ற சொல் வழங்கியதால், 18ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் இவ்வகை வீடுகளைப் ‘பேபி ஹவுஸ்’ என்றே அழைத்தனர். பெயரில் பேபி இருந்தாலும் இவை குழந்தைகளுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. பவேரியக் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட் 1557–58இல் செய்வித்த வீடு, அவரது அரும்பொருள் தொகுப்பில் இடம்பெற்றது; 1674இல் தீயில் அழிந்தது. ஆம்சுடர்டாமில் பெட்ரோனெல்லா ஊர்ட்மன் என்னும் சீமாட்டி 1686 முதல் 1710 வரை பார்த்துப் பார்த்து நிரப்பிய வீடு, இன்று அந்நகரின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புதுதில்லியை வடிவமைத்த எட்வின் லட்யன்சு, இங்கிலாந்து அரசி மேரிக்காக 1:12 அளவில் வடிவமைத்து 1924இல் நிறைவான வீட்டில் குழாயில் தண்ணீர் வரும், மின்விளக்கு எரியும், மின்தூக்கி ஏறி இறங்கும். அது வின்சர் கோட்டையில் காட்சிக்கு உள்ளது. இவற்றைப் ‘பொம்மை வீடு’ என்றால், விளையாட்டுச் சாமான் என்ற எண்ணமே தமிழ் வாசகருக்கு முந்திக்கொண்டு வரும். பொம்மையே இல்லாத வீடுகளும் இக்கலையில் மிகுதி என்பது அடுத்த இடர்ப்பாடு. கடையில் வாங்கும் பிளாஸ்டிக் வீட்டுக்குப் ‘பொம்மை வீடு’ மிகவும் பொருத்தமான பெயர். அதை அங்கேயே விட்டுவிடலாம்.

‘பொம்மை’ என்ற சொல்லைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் ஒரே தெருவில் தமிழில் பொம்மை, தெலுங்கில் பொம்ம, கன்னடத்தில் பொம்பெ என்று மூன்றையும் கேட்கலாம். மூன்றும் ஒரே இனச்சொற்கள். நவராத்திரியில் நாம் வைக்கும் கொலு, தெலுங்கருக்குப் ‘பொம்மல கொலுவு’, கன்னடருக்குப் ‘பொம்பெ ஹப்ப’. கொலு என்பதற்கு அரசவை, ஓலக்கம் என்று பொருள். அரசர் கொலுவீற்றிருந்தார் என்று எழுதுவதும் இச்சொல்லைக் கொண்டுதான். படிக்குக் கீழே மண் பரப்பி, முளைப்பயிர் வளர்த்து, சந்தை, கிணறு, கோயில் என்று அமைக்கும் ‘செட்’ நம் வீடுகளில் மினியேச்சர் காட்சிக்கு மிக நெருங்கியது. ஆனால் கொலுவில் அளவுப் பொருத்தம் கட்டாயம் இல்லை. காய்கறி விற்கும் பாட்டி அருகில் நிற்கும் பேருந்தைவிட உயரமாக இருந்தாலும் கொலு கொலுதான். மினியேச்சரில் அது பிழை. கொலுவின் சொற்களை அப்படியே இக்கைவினைக்கு எடுத்தாள முடியாமைக்கு இதுவே காரணம்.

சங்கப் பாடல்களில் பாவை உண்டு. கோரைப் புல்லில் செய்த பஞ்சாய்ப் பாவையும், ஈர மணலில் செய்த வண்டற் பாவையும் உண்டு. பாவை இருக்கும் இடத்தில் வீடும் இருக்கவேண்டும் அல்லவா? இருக்கிறது. அதன் பெயர் சிற்றில். சிறுமை, இல் என்ற இரண்டும் சேர்ந்த சொல். ‘தெருவில் நாம் ஆடும் மணற்சிற்றில்’ என்று கலித்தொகையின் 51ஆம் பாட்டில் கபிலர் பாடுகிறார்; காலால் அதைச் சிதைத்துவிட்டு ஓடும் பையனைப் பற்றித் தலைவி தோழியிடம் சொல்லும் பாட்டு அது. பிற்காலத்தில் ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் ஒன்றே ‘சிற்றில்’ என்று அமைந்தது. அதன்பின் சிறுபறை, சிறுதேர் என்று பருவங்கள் தொடர்கின்றன. பெரியதைச் சிறிதாக்கி விளையாடும் பொருள்களுக்கு ‘சிறு’ என்ற அடையே நம் மரபில் போதுமானதாக இருந்திருக்கிறது.

சிற்றிலுக்கு உரிய வினைச்சொல்தான் என்னை மிகவும் ஈர்ப்பது. சிற்றிலைக் கட்டுவதில்லை, இழைப்பார்கள். ‘இன்று முற்றும் முதுகு நோவ இருந்திழைத்த இச்சிற்றிலை நன்றும் கண்ணுற நோக்கி நாம் கொள்ளும் ஆர்வந்தன்னைத் தணிகிடாய்’ என்று ஆண்டாள் கண்ணனிடம் வேண்டுகிறாள். நாள் முழுக்க முதுகு வலிக்க உட்கார்ந்து செய்த சிறிய வீட்டைக் கண் நிறையப் பார்க்கவேண்டும் என்ற அந்த ஆசையை, இடுக்கியும் உருப்பெருக்கிக் கண்ணாடியுமாக மேசைமேல் குனிந்திருப்பவர் யாராயினும் உடனே அறிந்துகொள்வார். தச்சர் மரத்தை இழைப்புளியால் இழைப்பதும் இதே சொல். நுணுக்கமாகச் செய்வதை ‘இழைத்து இழைத்துச் செய்தான்’ என்று இன்றும் சொல்கிறோம். மணலுக்கும் மரத்துக்கும் நுட்பத்துக்கும் ஒருசேரப் பொருந்தும் வினை ஒன்று ஆயத்தமாக இருக்கும்போது, ‘மினியேச்சர் மேக்கிங்’ என்பதற்கு வேறெங்கும் தேடவேண்டியதில்லை. சிற்றில் இழைத்தல் என்றே கூறலாம்.

இதற்கு மறுப்பாக இரண்டைச் சொல்லலாம். சிற்றில் என்றால் கலைந்துபோகும் மணல் வீடுதானே என்பது ஒன்று. கலித்தொகையே ‘மணற்சிற்றில்’ என்று அடைகொடுத்துக் கூறுவதால், மணல் அச்சொல்லுக்குள் அடங்கிய பொருள் அன்று என்பது தெளிவு. மற்றொன்று, புறநானூற்றில் ‘சிற்றில் நற்றூண் பற்றி’ என்னும் இடத்தில் அது மக்கள் வாழும் சிறிய வீட்டையே குறிக்கிறது என்பது. இது சரியான மறுப்பு, குழப்பம் நேரக்கூடும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே வழி இருக்கிறது. மரப்பாவை, மரச்செப்பு என்பன போல ‘மரச்சிற்றில்’ என்று வழங்கினால் மணலிலிருந்தும் குடியிருப்பிலிருந்தும் ஒருங்கே பிரிந்து நிற்கும். அட்டையிலோ, சன் போர்டு என்று கடையில் கேட்டு வாங்கும் பலகையிலோ செய்தால் ‘அட்டைச் சிற்றில்’, ‘பலகைச் சிற்றில்’ என்று பொருளுக்கேற்ப அடையை மாற்றிக்கொள்ளலாம். டால் ஹவுஸுக்கு என் பரிந்துரை மரச்சிற்றில்.

தனிப் பொருளாக வரும் மினியேச்சருக்கு நுண்ணுரு, குறுவடிவம், மாதிரி, சிற்றுரு என்று பலவாறு எழுதலாம். ‘நுண்’ என்பது கண்ணுக்கு எட்டாத அளவைக் குறிக்க, நுண்ணுயிர், நுண்ணோக்கி என்று அறிவியலுக்கு ஏற்கெனவே பயன்படுகிறது. ‘மாதிரி’ என்றால் இனிமேல் கட்டப்போவதன் முன்வடிவம் என்ற பொருளே முதலில் தோன்றும். ஆகவே சிற்றுரு என்பதே தக்கது. கட்டில், நாற்காலி, மரப்பெட்டி எல்லாம் சிற்றுருக்கள். அடுப்படிச் சாமான்களுக்கு மட்டும் புதுச்சொல் வேண்டாம். செப்பு என்றும் சொப்புச் சாமான் என்றும் வீட்டுக்கு வீடு வழங்கும் பெயர் இருக்கிறது.

ஒரே அறையை மட்டும் முன்பக்கம் திறந்த பெட்டிக்குள் அமைப்பதை ‘ரூம் பாக்ஸ்’ என்கிறார்கள். சிகாகோ கலைக்கழகத்தில் நார்சிசா தார்ன் வடிவமைத்த இத்தகைய அறைகள் 68 இருக்கின்றன. பழைய வீட்டுச் சுவரில் விளக்கு வைக்கும் மாடத்தைப் பார்த்தவர்களுக்கு, மூன்று பக்கம் அடைத்து ஒரு பக்கம் திறந்த அந்த அமைப்பு உடனே விளங்கும் என்பதால், அறைமாடம் என்ற சொல்லை முன்வைக்கிறேன். ‘டயோரமா’ என்பது ஊடே காண்பது என்று பொருள்படும் கிரேக்க வேர்களிலிருந்து ஆக்கப்பட்டது. 1822இல் பாரிசில் டகேரும் பூட்டோனும் ஒளி ஊடுருவும் பெருந்திரை ஓவியங்களைக் காட்டிய அரங்குக்கு இட்ட பெயர் அது. காட்சிமாடம் என்றால் பொருந்தும். ‘ஸ்கேல்’ என்பதற்கு அளவு விகிதம்.

இக்கைவினைஞரை என்னவென்று அழைப்பது? சிற்றில் தச்சர் என்று அழைக்கலாம். பெரும்பாணாற்றுப்படை அதற்கு இடம் தருகிறது. தச்சர் வீட்டுச் சிறுவர் விரும்பும்படி செய்த விளையாட்டுத் தேரை அது ‘ஊரா நற்றேர்’ என்கிறது: ஏறிச் செல்ல உதவாத, ஆனால் நல்ல தேர். தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியை ஔவையார் புறநானூற்றின் 87ஆம் பாட்டில், நாளுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன் ஒரு மாதம் முயன்று செய்த ஒற்றைத் தேர்க்காலுக்கு ஒப்பிடுகிறார். விரைந்து செய்யத் தெரிந்த கை, ஓர் உருப்படிக்காக வேண்டுமென்றே ஒரு மாதத்தைச் செலவிடுவதன் மதிப்பைத் தகடூரில் இருந்த புலவர் அறிந்திருந்தார். ஆகவே தச்சர் என்ற சொல்லை இவர்களுக்கு இடுவதால் அதன் தகுதி குறையாது.

சொற்கள் வழக்கில் வரவேண்டுமானால் பொருளின் பக்கத்தில் எழுதப்படவேண்டும். இந்த நவராத்திரிக்கு நாட்டு ஓடு வேய்ந்து, திண்ணையும் முற்றமும் வைத்து, திரிகையும் களிப்பானையும் அடுக்கிய ஒரு வீட்டைக் கொலுப்படிக்கு அருகில் வைப்பவர்கள், சிறு சீட்டில் இப்படி எழுதி ஒட்டலாம்: ‘தருமபுரி வட்டார ஓட்டு வீடு. மரச்சிற்றில். அளவு விகிதம் 1:12. இழைத்தவர்:’ என்று எழுதி, அடுத்து அவரவர் பெயர்.